வால்வெள்ளிக்கு நாள் குறித்தவர்

என்றும் விண்ணில் உள்ள கோளும் மீனும் போலாது, எதிர்பாராத காலத்தில் நீண்ட வாலொடு தோன்றிச் சின்னாளில் மறையும் ஒளிப்பொருளைப் பழந்தமிழர் புகைக்கொடி என்றனர். வடமொழியில் வழங்கும் தூமகேது என்னும் சொல்லும் அப்பொருளையே தரும். நம் ஊரவர் அதனை வால்வெள்ளி என்பர். பெயர் எதுவாயினும் கண்டோர் நெஞ்சில் எழுந்தது அச்சமே. நாடு கெடும், அரசன் மாள்வான், பஞ்சம் வரும் என்று கீழ்த்திசையாரும் மேல்திசையாரும் ஒருபடித்தாகவே அஞ்சினர். அவ்வச்சத்துக்குக் காரணம் அதன் வடிவு மாத்திரமன்று. அதன் வரவு கணக்குக்கு அடங்காமையே பெருங் காரணமாகும். ஞாயிறும் திங்களும் கோள்களும் பஞ்சாங்கத்துக்கு அடங்கின. கிரகணமும் அடங்கிற்று. வால்வெள்ளி ஒன்றே அடங்காது நின்றது.

அதனைக் கணக்கில் அடக்கி, இன்ன ஆண்டில் மீண்டும் வரும் என நாள் குறித்தவர் எட்மன் ஹலி என்னும் ஆங்கிலேயர். தாம் குறித்த நாளைக் காண அவர் உயிரோடு இருக்கவில்லை. அவர் மறைந்து 244 ஆண்டுகள் கழிந்தபின், அவர் பெயர் பூண்ட அந்த வால்வெள்ளியை மனிதர் ஏவிய விண்கலங்கள் அணுகி, அதன் தூசியை ஏற்றுப் பகுத்து ஆராய்ந்தன. வாழ்நாளுக்கு அப்பாலுள்ள பயனுக்காக உழைத்த ஒருவரின் வரலாறு ஆதலின், அது மாணாக்கரும் ஆசிரியரும் அறியத்தக்கது.

இளமையும் கடற்செலவும்

ஹலி 1656ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், இலண்டனுக்கு அண்மையில் உள்ள ஹகர்ஸ்ரன் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் சவர்க்காரம் காய்ச்சி விற்ற செல்வர். 1666இல் இலண்டன் மாநகரை எரித்த பெருந்தீயில் அவர்தம் உடைமையிற் சில அழிந்தன. ஆயினும் மகனின் கல்விக்குக் குறைவு வரவில்லை. சென் போல் பாடசாலையில் இலத்தீனும் கிரேக்கமும் கணிதமும் கற்ற ஹலி, 1673இல் தொலைகாட்டி முதலிய கருவிகளையும் உடன் கொண்டு ஒக்ஸ்போட்டிலுள்ள குயின்ஸ் கல்லூரியிற் புகுந்தார்.

அக்காலத்து ஐரோப்பியர் வட விண்மீன்களை நன்கு அளந்திருந்தனர்; தென் விண்ணின் மீன்களோ தொலைகாட்டி கொண்டு செம்மையாக அளக்கப்படவில்லை. அக்குறையை நீக்க எண்ணிய ஹலி, பட்டம் பெறுமுன்னரே கல்லூரியை விட்டு, 1676இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலேறி அத்திலாந்திக் கடலின் நடுவேயுள்ள சென் ஹெலேனாத் தீவை அடைந்தார். பிற்காலத்தில் நெப்போலியன் சிறையிருந்த தீவு அதுவே. அப்போது ஹலிக்கு வயது இருபது. முகில் மூடிய இரவுகள் பல. தெளிந்த இரவுகளிற் கண் துஞ்சாது உழைத்து 341 விண்மீன்களின் இடங்களை அளந்துகொண்டு 1678இல் நாடு திரும்பினார். அரசர் இரண்டாம் சாள்சின் ஆணையால் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது. இலண்டன் அரச கழகம் இருபத்திரண்டு வயது இளைஞரைத் தன் உறுப்பினராக ஏற்றது.

1680இல் பாரிசுக்குச் செல்லும் வழியில் ஹலி பெரியதொரு வால்வெள்ளியைக் கண்டார். பாரிசு வானாய்வுக் கூடத் தலைவர் கசினி அவருடன் அதனைப் பற்றி உரையாடினார். ஒரே வால்வெள்ளி பலமுறை வரவுங் கூடும் என்னும் எண்ணம் கசினிக்கு இருந்தது. ஆயினும் எண்ணம் வேறு, நிறுவுதல் வேறு. 1682இல் ஹலி மேரி ரூக் என்னும் நங்கையை மணந்து இலண்டன் அயலிலே இல்லறம் தொடங்கினார். அவ்வாண்டிலேயே மற்றுமொரு வால்வெள்ளி தோன்றியது. முன்னையதைப்போல அது பேரொளி உடையதன்று. அதனையும் அளந்து எழுதி வைத்தார். தம் பெயரைத் தாங்கப்போவது அதுவே என்பதை அன்று அவர் அறியார்.

பிறர் நூலுக்குத் தம் பொருள்

கோள்கள் ஞாயிற்றைச் சுற்றி ஓடும் பாதை நீள்வளையம் என்பதைக் கெப்லர் முன்னரே கண்டிருந்தார். ஏன் அவ்வாறு ஓடுகின்றன என்பதே வினா. 1684இன் தொடக்கத்தில் ஹலியும் றொபேட் ஹூக்கும் கிறிஸ்தோப்பர் றென்னும் இதுபற்றி வாதாடினர். தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் ஈர்ப்பு விசை ஒன்று உண்டாயின், அதனால் விளையும் பாதை யாது? ஹூக் தமக்கு விடை தெரியும் என்றார், காட்டினாரல்லர். அவ்வாண்டு ஓகத்து மாதம் ஹலி கேம்பிறிட்சுக்குச் சென்று ஐசாக் நியூற்றனிடம் அதே வினாவைக் கேட்டார். நீள்வளையம் என்று உடனே விடை வந்தது. முன்னரே கணித்ததாகவும் தாளைத் தவறவிட்டதாகவும் நியூற்றன் கூறினார். சில மாதங்களிற் புதிதாக எழுதி அனுப்பினார். அதனைப் படித்த ஹலி, இது விரிந்த நூலாக வெளிவரவேண்டும் என்று விடாது தூண்டினார்.

நூல் வளர்ந்தது, அச்சிடப் பணம் இல்லை. அரச கழகம் தன் பொருளையெல்லாம் மீன்களைப் பற்றிய பெருநூல் ஒன்றை அச்சிட்டுத் தீர்த்துவிட்டது. அந்நூல் விலைபோகவில்லை. கழகத்தின் எழுதுவினைஞராக இருந்த ஹலிக்குச் சம்பளத்துக்கு ஈடாக விற்கப்படாத மீன் நூற்படிகளே கொடுக்கப்பட்டன. அப்போது அவர் தந்தையார் இறந்து, சொத்துப் பற்றிய வழக்குகளும் நிகழ்ந்தன. அந்நிலையிலும் நியூற்றனின் நூலைத் தம் செலவில் அச்சிட அவர் முன்வந்தார்.

இதற்கிடையே, ஈர்ப்பின் விதி தம்முடையது என்று ஹூக் உரிமை கொண்டாடினார். வெகுண்ட நியூற்றன் நூலின் மூன்றாம் பகுதியை வெளியிடுவதில்லை என்றார். ஹலி பொறுமையோடும் பணிவோடும் முடங்கல் எழுதி அவர் சினத்தைத் தணித்தார். வால்வெள்ளிகளின் இயக்கம் விளக்கப்பட்டது அந்த மூன்றாம் பகுதியிலேயே. ஹலி அன்று தணிக்காதிருந்தால், பின்னாளில் அவர் கையாளவிருந்த கருவியே அவருக்குக் கிடைக்காது போயிருக்கும். 1687இல் பிறின்சிப்பியா வெளிவந்தது. தம் ஆய்வுகளைப் பல மாதம் ஒதுக்கி வைத்து, மூலத்தைச் சரிபார்த்து, அச்சுப் பிழை திருத்தி, பிறர் நூலை உலகுக்கு அளித்த அச்செயல் ஒன்றே அவரைப் போற்றப் போதியது.

அவர் கை வைத்த துறைகள் பல. வாணிபக் காற்றுகளையும் பருவக் காற்றுகளையும் ஆராய்ந்து 1686இல் காற்றுப் படம் ஒன்றை வெளியிட்டார். நம் கடலோடிகள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த பருவக்காற்றின் போக்கும் வரவும், இந்து சமுத்திரம் அடங்கிய அப்படத்திலே கோடுகளாகத் தோன்றின. 1693இல் பிறெஸ்லோ நகரத்தின் பிறப்பு இறப்புக் கணக்கைக் கொண்டு ஆயுட்காப்புக்கு அடிப்படையான அட்டவணை அமைத்தார். 1698 முதல் 1700 வரை பரமோர் என்னும் சிறு கப்பலுக்குத் தாமே தலைவராகி, காந்தவூசியின் திரிபை அளக்க அத்திலாந்திக் கடலிற் சுற்றினார். இத்தகையவருக்கு 1691இல் ஒக்ஸ்போட்டின் வானியற் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. அவர்தம் சமயக் கொள்கை பற்றிய ஐயம் குறுக்கே நின்றது. 1704இலேதான் அங்கே கேத்திரகணிதப் பேராசிரியரானார்.

நாள் குறித்த கணக்கு

நியூற்றன் வகுத்த முறையைக் கொண்டு பழைய வால்வெள்ளிகளின் பாதைகளைக் கணிக்க ஹலி முற்பட்டது 1695ஆம் ஆண்டளவில். அதற்கு வேண்டியவை பிறர் விட்டுச்சென்ற அளவுகள். 1531இல் அப்பியன் கண்டு குறித்தவை இருந்தன. 1607இல் கெப்லர் குறித்தவை இருந்தன. 1682இல் கிறினிச் வானாய்வாளர் பிளாம்ஸ்ரீட் குறித்தவை இருந்தன. பிளாம்ஸ்ரீட்டுக்கும் ஹலிக்கும் ஒற்றுமையின்மையால் அவற்றை நியூற்றன் வாயிலாகவே பெற வேண்டியதாயிற்று. ஒவ்வொரு பாதைக்கும் நீண்ட கணக்கு. எல்லாம் கையாற் செய்தவை. இருபத்துநான்கு வால்வெள்ளிகளின் பாதைகளை அவ்வாறு கணித்து 1705இல் வெளியிட்டார்.

இருபத்துநான்கனுள் மூன்று ஒன்றுபோல் இருந்தன. 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் வந்தவை ஒரே சாய்வில், ஞாயிற்றை ஏறக்குறைய ஒரே இடத்தில் அணுகிச் சென்றன. அன்றியும், கோள்கள் எல்லாம் ஓடும் திசைக்கு எதிர்த்திசையிலே அம்மூன்றும் ஓடின. இம்மூன்றும் வெவ்வேறல்ல, ஒன்றே என ஹலி துணிந்தார். ஆயினும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. முதல் இடைவெளி 76 ஆண்டுக்கு மேற்பட்டது. இரண்டாவது 75 ஆண்டுக்குச் சற்றுக் குறைந்தது. ஒரே பொருளாயின் காலம் ஏன் வேறுபட வேண்டும்? வியாழன் போன்ற பெருங்கோளின் அருகாகச் செல்லுங்கால் அதன் ஈர்ப்பால் வேகம் மாறும் என அவர் விடை கண்டார். 1758இல் அது மீண்டும் வரும் என்றும் எழுதினார். வியாழனின் ஈர்ப்பை மேலும் ஆராய்ந்தபின், 1758இன் இறுதியில் அல்லது அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் வரும் எனத் திருத்தினார்.

1705இல் அவருக்கு வயது நாற்பத்தெட்டு. 1758இல் நூற்றிரண்டு ஆகும். தம் சொல் மெய்யாவதையோ பொய்யாவதையோ தாம் காணார் என்பது அவருக்குத் தெரியும். சோதிடர் பலர் வருபொருள் உரைத்தனர்; பிழைத்தால் ஒதுங்க அவர்களுக்கு ஆயிரம் வழி உண்டு. ஹலியோ ஒதுங்க வழி வையாது ஆண்டைக் குறித்தார். வால்வெள்ளி வராதாயின் அவர் கணக்கும், அதனோடு நியூற்றனின் ஈர்ப்புக் கொள்கையும் ஐயத்துக்கு இடமாகும். தீர்ப்பைப் பின்வருவோர் கையில் ஒப்படைத்தார்.

இதுபோலவே 1716இல் மற்றொன்றும் செய்தார். 1761இலும் 1769இலும் வெள்ளிக்கோள் ஞாயிற்றின் முகத்தைக் கடக்கும். அதனை உலகின் பல இடங்களில் நின்று அளந்தால் ஞாயிற்றின் தொலைவை அறியலாம் என முறை வகுத்துப் பின்வருவோரை வேண்டிக்கொண்டார். அவ்வேண்டுகோளுக்கு இணங்கியே பிற்காலத்து அறிஞர் பலர் கடல் கடந்து சென்றனர்.

குறையில்லாத மனிதர் இல்லை. பிளாம்ஸ்ரீட் முற்றத் திருத்தாது வைத்திருந்த விண்மீன் அளவுகளை, அவர் இசைவின்றி, நியூற்றனின் தூண்டுதலால் 1712இல் ஹலி பதிப்பித்து வெளியிட்டார். மனம் நொந்த பிளாம்ஸ்ரீட் பின்னர் அப்பதிப்பின் முந்நூறு படிகளைப் பெற்றுத் தீயிலிட்டார். பிறர் உழைப்பை மதித்துப் பிறின்சிப்பியாவை வெளிக்கொணர்ந்தவரே மற்றொருவர் உழைப்பை மதியாது நடந்தமை வருந்தத்தக்கது.

1720இல், பிளாம்ஸ்ரீட்டின் பின், ஹலி அரச வானியலாளரானார். கிறினிச்சில் அவர் புகுந்தபோது கூடம் வெறுமையாய் இருந்தது; முன்னையவரின் கருவிகளை அவர்தம் மனைவியார் கொண்டு சென்றுவிட்டார். புதிய கருவிகள் வாங்கி, திங்களின் இயக்கத்தைப் பதினெட்டு ஆண்டுச் சுழற்சி ஒன்று முழுவதும் அளக்கத் தொடங்கினார். அறுபத்துமூன்று வயதில் ஒருவர் தொடங்கும் வேலை அன்று அது, எனினும் முடித்தார். 1742ஆம் ஆண்டு சனவரியில், எண்பத்தைந்தாம் வயதில், ஒரு கிண்ணம் திராட்சை மது அருந்திவிட்டு, இருந்த நாற்காலியிலேயே உயிர் நீத்தார் என்பர்.

சொன்ன சொல் பொய்க்கவில்லை

குறித்த காலம் நெருங்கியது. பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் கிளேரோ, லலாண்ட் என்பாரையும் நிக்கோல் லெப்போற் என்னும் அம்மையாரையும் துணைக்கொண்டு, வியாழனும் சனியும் வால்வெள்ளியை எவ்வளவு தாமதிக்கச் செய்யும் என்று மாதக்கணக்காகக் கணித்தார். வியாழனால் 518 நாள், சனியால் 100 நாள், ஆக 618 நாள் தாமதம். 1759 ஏப்ரில் நடுப்பகுதியில் ஞாயிற்றை அணுகும். ஒரு மாதம் முன்பின் ஆகலாம் என்று 1758 நவம்பரில் அறிவித்தார். அவ்வாண்டு திசம்பர் 25ஆம் நாள் இரவு, ஜேர்மனியில் திறெஸ்தன் நகருக்கு அருகில், பாலிச் என்னும் உழவர் தம் தொலைகாட்டியால் அதனை முதலிற் கண்டார். 1759 மார்ச்சு 13இல் அது ஞாயிற்றை அணுகியது. அன்று தொட்டு அது ஹலியின் வால்வெள்ளி ஆயிற்று.

தூசி சொன்ன செய்தி

ஹலி அதன் பாதையை அறிந்தார்; பொருளை அறியார். அது யாதால் ஆனது என்னும் வினா அவர் விட்டுச்சென்ற மீதி. 1835இலும் 1910இலும் அது மீண்டும் வந்தது. 1910இல் ஒளியை நிறமாலையாகப் பிரிக்கும் கருவியால் வாலிலுள்ள வாயுக்களை அறிந்தனர். அவற்றுள் நச்சுவாயு ஒன்றும் இருப்பதைக் கேட்ட மக்கள், பூமி அவ்வாலினூடாகச் செல்லும் என்று நடுங்கினர். தீங்கு ஒன்றும் நிகழவில்லை. வாயு தன் ஒளியாற் பெயர் சொல்லும். தூசியோ ஞாயிற்றின் ஒளியையே பெரும்பாலும் திருப்பி அனுப்பும். அதனுள் என்ன இருக்கிறது என்பதை அறியக் கிட்டச் சென்று பிடிப்பதே வழி.

1986இல் அது வந்தபோது ஐந்து விண்கலங்கள் எதிர்கொண்டன. சோவியத் நாடு வேகா என்னும் பெயரில் இரண்டும், யப்பான் இரண்டும், ஐரோப்பிய நாடுகள் ஒன்றும் ஏவின. ஐரோப்பிய கலத்தின் பெயர் ஜியோற்றோ. 1301இல் இதே வால்வெள்ளி தோன்றியதன் பின்னர், பதுவா நகரத்துக் கோயிற் சுவரில் இயேசு பிறப்பின் விண்மீனை வால்வெள்ளியாகத் தீட்டிய ஓவியரின் பெயர் அது. மார்ச்சு 6இலும் 9இலும் வேகாக் கலங்கள் ஏறக்குறைய 8,000 முதல் 9,000 கிலோமீற்றர் தொலைவில் கடந்தன. அவை தந்த அளவைக் கொண்டு ஐரோப்பியர் தம் கலத்தின் வழியைத் திருத்தினர். மார்ச்சு 13ஆம் நாள் நள்ளிரவின்போது ஜியோற்றோ 596 கிலோமீற்றர் அளவுக்கு நெருங்கியது. வல்லரசுகள் பிளவுண்டிருந்த காலத்தில், ஒருவர் கண்டதை மற்றவர்க்கு ஈந்ததால் வந்த வெற்றி அது. அப்பியனும் கெப்லரும் ஹலிக்கு ஈந்தமை போன்றது எனலாம்.

எதிர்த்திசை ஓட்டத்தைக் கொண்டே ஹலி அம்மூன்றும் ஒன்றென இனங்கண்டார் என்று மேலே கூறினோம். அந்த எதிர் ஓட்டமே இப்போது இடரும் துணையும் ஆயிற்று. பூமியின் திசையில் ஓடிய கலமும் அதற்கு எதிரே வந்த வால்வெள்ளியும் செக்கனுக்கு 68 கிலோமீற்றர் வேகத்தில் நேர்ப்பட்டன. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பை ஐந்தாறு செக்கனில் அடையும் வேகம் அது. அவ்வேகத்தில் ஒரு சிறு மணலும் குண்டாகும். ஆதலின் கலத்தின் முன்னே மெல்லிய அலுமினியத் தகடும், இடைவெளி விட்டு அதன் பின்னே தடித்த கவசமும் அமைத்திருந்தனர். நெருங்கிச் செல்வதற்குச் சில செக்கன் இருக்க, துகள் ஒன்று மோதிக் கலத்தைத் தள்ளாடச் செய்தது. செய்தித் தொடர்பு அறுந்து அறுந்து வந்து, அரைமணி அளவில் சீரடைந்தது. படக்கருவி மட்டும் பின்னர்ப் பயன்படவில்லை.

இடர் தந்த வேகமே தூசியைப் பகுக்க உதவியது. வேகா, ஜியோற்றோ ஆகிய கலங்களில் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரத்து அறிஞர் கிசலும் அவர் துணைவரும் வகுத்த திணிவு நிறமாலைமானி பொருத்தப்பட்டிருந்தது. கண்ணுக்குப் புலனாகாத சிறு துகள் உலோகத் தகடு ஒன்றில் மோதும். மோதிய கணத்தில் ஆவியாகும்; அதன் அணுக்கள் மின்னேற்றம் பெற்று அயன்கள் ஆகும். சூடாக்க வேறு அடுப்பு வேண்டியதில்லை; வேகமே அடுப்பு. அவ்வயன்களை மின்புலம் ஒன்று குழாயினூடே தள்ளும். ஒரே விசையால் தள்ளுண்டாலும் இலேசானவை முந்தி ஓடும். பாரமானவை பிந்தி வரும். சுளகிற் புடைக்குங்கால் பதரும் மணியும் தாமாகப் பிரிவது போன்றதே இது. வந்து சேரும் நேரத்தைச் செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கினும் நுண்ணிதாக அளந்தால், எவ்வணு வந்தது என்று தெரிந்துவிடும். ஆயிரக்கணக்கான துகள்கள் இவ்வாறு ஆராயப்பட்டன.

கண்டது யாது? சில துகள்கள் மகனீசியம், சிலிக்கன், இரும்பு கொண்ட கல்லினத்தவை. சில, காபன், ஐதரசன், ஒட்சிசன், நைதரசன் என்னும் நான்குமே மிகுந்தவை. பல இவ்விரண்டும் கலந்தவை. கல்லினத்து மூலகங்களின் விகிதம் ஞாயிற்றில் உள்ளதை ஏறக்குறைய ஒத்திருந்தது. ஞாயிறும் கோள்களும் தோன்றிய காலத்துப் பொருள், பெரிதும் மாறாது, குளிரில் உறைந்து கிடந்ததற்கு அது சான்று. புல்லுக்கும் புழுவுக்கும் நமக்கும் உடலாயிருக்கும் மூலகங்களே அத்தூசியிலும் மிகுந்திருந்தன. அங்கே உயிர் உண்டு என்பது இதன் பொருளன்று. உயிர்க்குரிய மூலப்பொருள் அங்கும் உண்டு என்பதே.

அத்தொழில் அங்கு நிற்கவில்லை. ஸ்ராடஸ்ற் என்னும் அமெரிக்கக் கலம் 2004இல் வைல்ட் 2 என்னும் வால்வெள்ளியின் தூசியைப் பிடித்து 2006இற் பூமிக்கே கொண்டுவந்தது. அதில் கிளைசீன் என்னும் அமினோவமிலம் இருப்பது 2009இல் அறிவிக்கப்பட்டது. ஐரோப்பியரின் றொசெற்றா 2014 முதல் 2016 வரை மற்றொரு வால்வெள்ளியின் கூடவே சென்றது. அங்கு மெல்ல வந்து படிந்த துகள்களை இந்திய அயன் கற்றையால் ஆராய்ந்தபோது, திணிவிற் பாதிக்குச் சற்றுக் குறைவானது காபன் மிகுந்த சேதனப் பொருள் எனக் கண்டனர். இங்கே இந்தியம் என்றது ஓர் உலோகத்தை, நாட்டை அன்று.

ஹலியின் வால்வெள்ளி 2023 திசம்பரில் தன் பாதையின் தொலைமுனையை எட்டித் திரும்பிவிட்டது. 2061 யூலையில் ஞாயிற்றை அணுகும். அதுவரை அதனைக் காண வழியில்லை என்று எண்ணவேண்டியதில்லை. ஆண்டுதோறும் மே மாதத் தொடக்கத்திலும் ஒக்ரோபர் மாதப் பிற்பகுதியிலும் விடியுமுன் நம் வானில் விழும் எரிமீன்களுட் பல, அது முன்னைய வரவுகளில் உதிர்த்துச் சென்ற தூசியே. முற்றத்தில் நின்று வெறுங்கண்ணாற் காணலாம்.

இன்று நம் வகுப்பில் இருக்கும் சிறுவர் 2061இல் பேரப்பிள்ளைகளோடு அதனைப் பார்ப்பர். நம்மிற் பலர் பாரோம். ஆயினும் வரும் ஆண்டு நமக்குத் தெரியும். காணாத ஒருவர் கணக்கிட்டு வைத்ததால் தெரியும். அதனை மாணாக்கர்க்குச் சொல்லி வைத்தல் ஆசிரியர் கடன்.